கூரையைத் தாங்கும் கரங்கள்



2025 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பிரித்தானிய அரசு ஓர் அறிவித்தலை விடுத்தது. பழைமைச் சிறப்புடையவை எனப் பட்டியலிடப்பட்ட வழிபாட்டுத் தலங்கள், தமது திருத்த வேலைகளுக்காகச் செலுத்தும் பெறுமதி சேர் வரியை மீளப் பெற்றுக்கொள்வதற்கு 2001 முதல் ஒரு திட்டம் நடைமுறையில் இருந்து வந்தது. அதற்காக ஆண்டொன்றுக்கு 42 மில்லியன் பவுண் வரை ஒதுக்கப்பட்டிருந்தது. 2026 மார்ச் வரையிலான ஓராண்டுக்கு அத்தொகை 23 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. அத்துடன் ஒரு கோவில் ஓராண்டில் 25,000 பவுணுக்கு மேல் பெற இயலாது என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. வரி வீதம் 20 சதவீதம். ஆகவே ஒன்றேகால் இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட வேலையைத் தொடங்கிய எந்தக் கோவிலும், மிகுதி வரியைத் தானே சுமக்க வேண்டியதாயிற்று. கூரையைப் பிரித்துவிட்டு இந்தப் பணத்தை நம்பியிருந்த பங்குகள் திகைத்து நின்றன.

தொலைதூர நாடொன்றின் வரிக் கணக்கு ஞாயிறு தியானத்திற்கு எதற்கு என நீங்கள் வினவலாம். காரணம் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் பொறுப்பில் ஏறத்தாழ 16,000 கோவில்கள் உள்ளன. அவற்றுள் 12,000க்கும் மேற்பட்டவை பட்டியலிடப்பட்ட கட்டடங்கள். இவற்றிற் பெருந்தொகையானவை மத்திய காலத்தில், அந்நாடு முழுவதும் உரோமையோடு ஒன்றித்திருந்த காலத்தில், சாதாரண உழவரும் இடையரும் எழுப்பியவை. அந்தக் கற்சுவர்களுக்குள் நிகழ்ந்தது நமது திருப்பலி. எரிந்தவை நமது புனிதர்களின் விளக்குகள். இன்று அவற்றின் கூரையை யார் காப்பது என்ற வினா எழுந்திருக்கிறது. அந்த வினாவுக்குள் இன்னொரு வினா மறைந்து கிடக்கிறது: ஒரு கோவிலை உண்மையில் தாங்கி நிற்பது எது?

கல்லில் எழுதப்பட்ட பொறுப்பு

இங்கிலாந்தின் பழைய கிராமக் கோவில் ஒன்றின் அமைப்பை முதலில் மனக்கண் முன் நிறுத்துவோம். கட்டடம் கிழக்கு நோக்கி நீண்டிருக்கும். மேற்கு முனையில் பெரும்பாலும் மணிக்கோபுரம். தெற்கு அல்லது வடக்குப் பக்கத்தில் கூரையிட்ட ஒரு முன்வாயில். திருமணச் சடங்கின் முதற்பகுதி அந்நாட்களில் இவ்வாயிலிலேயே நடைபெற்றது. மணமக்கள் ஊரார் காண வாக்குக் கொடுத்த பின்னரே திருப்பலிக்காக உள்ளே சென்றனர். உள்ளே நுழைந்தவுடன் வாயிலருகே திருமுழுக்குத் தொட்டி. திருச்சபைக்குள் நுழையும் வழி திருமுழுக்கே என்பதை அதன் இடமே போதித்தது.

அதற்கப்பால் மக்கள் கூடும் நடுக்கூடம். கிழக்கே ஒடுங்கிய, தாழ்ந்த கூரையுடைய திருப்பீட முற்றம். இவ்விரண்டுக்கும் இடையே செதுக்கு வேலை நிறைந்த ஒரு மரத்திரை. அதன் மேலே, பாடுபட்ட ஆண்டவரின் பெரிய சுரூபமும், அதன் இருமருங்கிலும் அன்னை மரியாள், அருளப்பர் ஆகியோரின் சுரூபங்களும் நின்றன. திருப்பீடத்தை நோக்கும் கண், சிலுவையைக் கடந்தே அதனைச் சேர வேண்டும். பல கோவில்களில் அந்த வளைவுக்கு மேலுள்ள சுவரில் இறுதித் தீர்வையின் ஓவியம் தீட்டப்பட்டிருந்தது. எழுத்தறியாத உழவனுக்கு அந்தச் சுவரே மறைக்கல்வி நூல்.

இந்த அமைப்பில் நாம் கவனிக்கத் தவறும் ஓர் உண்மை உண்டு. கட்டடத்தின் பிரிவு பொறுப்பின் பிரிவுமாகும். திருப்பீட முற்றத்தைப் பழுதுபார்ப்பது, விளைச்சலில் பத்திலொரு பங்கைப் பெற்றவரின் கடமை. அவர் குருவாக இருக்கலாம், அல்லது அந்த உரிமையைப் பெற்ற துறவு மடமாக இருக்கலாம். நடுக்கூடமோ முழுக்க முழுக்க மக்களின் கடமை. அதன் தூண், தரை, கூரை, விளக்கு, மணி யாவும் ஊரார் தலையில். இதனாலேயே பல கிராமங்களில் திருப்பீட முற்றம் பழைய சிற்றுருவிலேயே நிற்க, நடுக்கூடமும் பக்கக்கூடங்களும் கோபுரமும் பதினைந்தாம் நூற்றாண்டில் உயர்ந்தும் விரிந்தும் வளர்ந்திருப்பதைக் காண்கிறோம். ஆட்டு மயிர் வணிகத்தால் ஊருக்குக் கிடைத்த செல்வம் மக்களின் பகுதியிலேயே கல்லாக உயர்ந்தது.

இந்தப் பழைய பிரிவு இன்றும் முற்றாக மறையவில்லை. வார்விக்சயரில் உள்ள அஸ்டன் கன்ட்லோ என்னும் கிராமத்துக் கோவில் பற்றிய வழக்கில், 2003 இல் பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்பை வழங்கியது. மத்திய காலக் கடமையோடு பிணைந்திருந்த ஒரு நிலத்தின் உரிமையாளர்களான தம்பதியினர், அக்கோவிலின் திருப்பீட முற்றத்தைத் திருத்தும் செலவை ஏற்றே ஆகவேண்டும் என்பதே அத்தீர்ப்பு. நூற்றாண்டுகள் பல கடந்தும் கல் தன் கணக்கை மறக்கவில்லை.

மோர்பாத் என்னும் சிற்றூர்

மக்கள் தமது பங்கை எவ்வாறு சுமந்தனர் என அறிய, டெவன் மாவட்டத்தில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் தெற்கு விளிம்பில் உள்ள மோர்பாத் என்னும் சிற்றூருக்குச் செல்வோம். பதினாறாம் நூற்றாண்டில் அங்கு இருந்தவை 33 குடும்பங்கள். ஏறத்தாழ 150 ஆன்மாக்கள். வளமற்ற மேட்டுநிலம், ஆடு வளர்ப்பே பிழைப்பு. அவர்களின் கோவில் புனித ஜோர்ஜின் பெயரால் அமைந்தது.

1520 இல் கிறிஸ்தோபர் டிரிக்கி என்னும் குரு அங்கே பங்குத்தந்தையாக வந்தார். 1574 இல் அங்கேயே இறக்கும் வரை, 54 ஆண்டுகள் அந்த மக்களோடு வாழ்ந்தார். கோவிலின் வரவு செலவுக் கணக்குகளைத் தம் கையாலேயே எழுதி வைத்தார். ஊரார் முன் உரத்து வாசிப்பதற்காக எழுதப்பட்டவை ஆகையால், அவற்றில் எண்களோடு மனிதர்களின் பேச்சும் மூச்சும் கலந்திருக்கின்றன. இக்கணக்குகள் 1904 இல் அச்சேறின. ஈமன் டஃபி என்னும் கத்தோலிக்க வரலாற்றாசிரியர் 2001 இல் வெளியிட்ட 'மோர்பாத்தின் குரல்கள்' என்ற நூலால் அவை உலகறிந்தவையாயின.

அக்கணக்குகள் காட்டும் காட்சி வியப்புக்குரியது. அந்தச் சிறு கோவிலில் பல தனித்தனி நிதிகள் இருந்தன. புனித ஜோர்ஜுக்கு ஒன்று, அன்னை மரியாளுக்கு ஒன்று, இயேசுவின் திருநாமத்திற்கு ஒன்று, புனித அந்தோனியாருக்கு ஒன்று, எக்சிற்றர் நகரின் புனிதையான சிட்வெல்லுக்கு ஒன்று, இறந்தோர்க்காக எரியும் விளக்குக்கு ஒன்று. ஊர் இளைஞர்களுக்கும் இளம் பெண்களுக்கும் தனித்தனியே நிதிகளும் விளக்குகளும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர், நம் வழக்கில் மூப்பர், முறை வைத்துத் தெரிவானார். கைம்பெண்களும் முறை வந்தபோது மூப்பராயினர். கணக்கை ஊர் முன் ஒப்புவிக்க வேண்டும். ஏறக்குறைய ஒவ்வொரு வீடும் ஏதோவொரு காலத்தில் கோவிலின் ஒரு விளக்குக்குப் பொறுப்பாக இருந்தது.

பணம் எங்கிருந்து வந்தது? கோவிலுக்குச் சொந்தமான ஆடுகள் இருந்தன. அவை தனித்தொரு பட்டியில் அடைக்கப்படவில்லை. ஒரு வீட்டில் ஒன்று, மற்றொரு வீட்டில் ஒன்று எனப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருந்தன. உழவன் தன் ஆடுகளோடு அன்னை மரியாளின் ஆட்டையும் மேய்த்தான். மயிர் வெட்டிய நாளில் அதற்குரிய பணம் விளக்கு மெழுகாயிற்று. ஆண்டுக்கு ஓரிரு முறை கோவில் வீட்டில் ஊரார் கூடி, பியர் காய்ச்சி விற்று, விருந்துண்டு, வருமானத்தைக் கோவிலுக்குச் சேர்த்தனர். இவ்வாறு திரட்டிய சிறுதொகைகளைக் கொண்டே 1530களில் பாடுபட்ட சுரூபத்திற்கான மேடையும் புதிய இருக்கைகளும் செய்யப்பட்டன.

திருடனும் இளைஞரும்

1534 ஆம் ஆண்டு நவம்பரில், ஓர் இரவு, ஏணியோடு வந்த திருடன் கோபுரச் சாளரம் வழியாகக் கோவிலுள் இறங்கினான். திருப்பலிக்குரிய கிண்ணத்தையும், புனித சிட்வெல்லின் சுரூபத்தில் அணிவித்திருந்த வெள்ளிப் பாதணியையும் கவர்ந்து சென்றான். ஏழை ஊருக்கு அது பேரிழப்பு. அப்போது ஊரின் இளைஞரும் இளம் பெண்களும் ஒன்றுகூடினர். தம்முள் பணம் திரட்டி, பங்கின் பொது நிதிக்கு ஒரு காசும் செலவு வைக்காமல், புதிய கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தனர். பங்குத்தந்தை அதனைப் பெருமையோடு கணக்கில் பதிந்து வைத்தார்.

வாசகர்களே, இந்நிகழ்வை நினைவில் வைத்திருங்கள். அந்த இளைஞர்களுக்குக் கோவிலின் இழப்பு தங்கள் வீட்டு இழப்பாகத் தோன்றியது ஏன்? அவர்களுக்கென அங்கே ஒரு விளக்கு எரிந்தது. அவர்களுக்கென ஒரு கணக்கு வாசிக்கப்பட்டது. கோவிலில் தமக்கென்று ஒரு பொறுப்பு இருந்தவர்களே அதன் இழப்பைத் தம் இழப்பாக உணர்ந்தனர்.

விளக்குகள் அணைந்த ஆண்டுகள்

உரோமையோடு உறவை முறித்த எட்டாம் ஹென்றி மன்னனின் ஆட்சியில், 1538 இல் வந்த கட்டளை, புனிதர்களின் சுரூபங்கள் முன் விளக்கேற்றுவதைத் தடைசெய்தது. மோர்பாத் கோவிலின் உரிமையைக் கொண்டிருந்த பார்லிஞ்ச் துறவு மடம் அதற்கு முன்னரே கலைக்கப்பட்டிருந்தது. அம்மடத்துச் சாளரம் ஒன்று, கல்லும் இரும்புமாகப் பெயர்க்கப்பட்டு, மோர்பாத் கோவிலுக்கு வந்து சேர்ந்தது.

1547 இல் சிறுவனான ஆறாம் எட்வேர்ட் அரியணை ஏறியபின் நிலைமை மேலும் கடுமையாயிற்று. மரித்தோருக்கான திருப்பலியில் அணிவதற்குக் கறுப்புத் திருவுடை ஒன்று வாங்க வேண்டும் என்பது பங்குத்தந்தை டிரிக்கியின் நெடுநாள் ஆசை. தமக்குரிய சிறு வருமானங்களை விட்டுக்கொடுத்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1547 இல் அதனை வாங்கினார். ஆனால் அந்த ஆண்டிலேயே மரித்தோருக்கான பூசைகளின் அடித்தளத்தை அரசு தகர்க்கத் தொடங்கியது. இருபது ஆண்டுக் காத்திருப்பின் பலன் பெட்டிக்குள் முடங்கியது.

1548 இல் சுரூபங்கள் யாவும் அகற்றப்பட்டன. கோவிலின் ஆடுகள் விற்கப்பட்டன. தனித்தனி நிதிகள் மறைந்தன. இளைஞரின் விளக்கும் பெண்களின் விளக்கும் அணைந்தன. அவ்வாண்டு தலைமை மூப்பராக இருந்தவர் லூசி சீலி என்னும் பெண்மணி. அவர் காலத்தில் கோவிலின் உடைமைகள் விற்கப்பட்டன என்றும், கோவிலுக்கு எவரும் எதுவும் கொடுக்கவில்லை என்றும் பங்குத்தந்தை பின்னர் குறித்து வைத்தார். வரவுப் பக்கம் வெறுமையான கணக்கைப் போலத் துயரம் தரும் ஆவணம் வேறில்லை.

1549 ஜூன் மாதத்தில், புதிய ஆங்கில வழிபாட்டு நூல் திணிக்கப்பட்டபோது, டெவனும் கோர்ன்வோலும் கிளர்ந்தெழுந்தன. கிளர்ச்சியாளர் எக்சிற்றர் நகரை முற்றுகையிட்டனர். மோர்பாத் ஊரார் தம் இளைஞர்கள் ஐவருக்கு வாளும் வில்லும் வழிச்செலவும் கொடுத்து அந்தப் பாசறைக்கு அனுப்பினர் என்பதை, கோவில் கணக்கின் ஒரு பதிவிலிருந்து டஃபி எடுத்துக் காட்டுகிறார். ஆகஸ்டில் அரச படை கிளர்ச்சியை ஆயிரக்கணக்கான உயிர்ப்பலியோடு நசுக்கியது. சென்ற ஐவருள் சிலரின் பெயர் அதன்பின் கணக்குகளில் காணப்படவில்லை. 33 குடும்பங்களே உள்ள ஊரில் ஓர் இளைஞனின் பெயர் இல்லாமற் போவது என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1553 இல் மரியாள் அரசியாகிக் கத்தோலிக்க வழிபாடு மீண்டபோது, ஒரு புதுமை நிகழ்ந்தது. அழிந்துவிட்டன என எண்ணப்பட்ட பொருட்களை மோர்பாத் மக்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்தனர். ஒருவர் சுரூபத்தின் ஒரு பகுதியையும், இன்னொருவர் திருவுடையையும், மற்றொருவர் ஓவியத் துணியையும் இத்தனை ஆண்டுகளும் தம் வீட்டில் மறைத்து வைத்திருந்தனர். ஆடுகளை வீடுதோறும் பங்கிட்டு மேய்த்த ஊர், ஆபத்து வந்தபோது கோவிலையே வீடுதோறும் பங்கிட்டுக் காத்தது.

பணிந்து போன மேய்ப்பர்

1558 இல் மரியாள் இறந்து எலிசபெத் அரசியானார். மீண்டும் திருப்பீடம் அகற்றப்பட்டது. பங்குத்தந்தை டிரிக்கி இம்முறையும் பணிந்தார். பழைய திருப்பலியையும் புதிய வழிபாட்டையும், மீண்டும் பழையதையும், மறுபடியும் புதியதையும் அவர் நடத்தினார். அதே காலத்தில் மறைசாட்சிகளாக மரித்தோர் பலர் இருக்க, இவரை எவ்வாறு மதிப்பிடுவது?

இவரைப் புனிதர் என்று கொள்ள முடியாது. விசுவாசத்திற்காக உயிர் கொடுத்தோரின் சாட்சியத்தை, இவர் மீதுள்ள இரக்கத்தால் நாம் குறைத்து மதிப்பிடவும் கூடாது. எனினும், தம் மக்களை விட்டுப் போகாதிருந்தார் என்பதும் உண்மை. அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர், அவர்களின் திருமணங்களை ஆசீர்வதித்தவர், அவர்களைப் புதைத்தவர் அவரே. இறுதியில் அவரும் அந்தக் கோவிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரது உள்ளத்தில் நிகழ்ந்த போராட்டத்தை ஆண்டவர் ஒருவரே அறிவார்.

மோர்பாத் கோவில் இன்றும் நிற்கிறது. மத்திய காலக் கோபுரம் எஞ்சியிருக்கிறது; ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் பட்டர்பீல்ட் என்னும் கட்டடக் கலைஞர் செய்த புதுப்பித்தலால், டிரிக்கி அறிந்த உட்புறம் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. கல்லை விடக் காகிதமே அந்த மக்களை நமக்குக் காத்துத் தந்திருக்கிறது.

இன்றைய நெருக்கடியின் வேர்

இனி, நாம் தொடங்கிய செய்திக்கு வருவோம். திருடர்கள் இன்றும் ஏணியோடு வருகின்றனர். கடந்த இருபது ஆண்டுகளில் பல நூறு கிராமக் கோவில்களின் கூரையிலிருந்து ஈயத் தகடுகள் இரவோடிரவாக உரித்துச் செல்லப்பட்டன. மழை உள்ளே இறங்குகிறது, மரம் உளுக்கிறது. ஞாயிறு வழிபாட்டில் முதியோர் சிலரே கூடும் ஊர்களில், பல இலட்சம் பவுண் செலவாகும் கூரையை யார் போடுவது? ஒரு குருவே பல கிராமங்களுக்குப் பொறுப்பாக இருக்கிறார். ஒவ்வொரு பங்குக் கோவிலிலும் ஞாயிறுதோறும் வழிபாடு நடைபெற வேண்டும் என்ற, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வந்த விதியை, இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சங்கம் 2019 இல் தளர்த்தியது. வழிபாடு நின்றுபோன கோவில்களில் 350க்கும் மேற்பட்டவற்றை, 1969 இல் தொடங்கப்பட்ட ஓர் அறக்கட்டளை பராமரித்து வருகிறது. அவற்றுட் சில, இரவு தங்கும் விருந்தினருக்கு வாடகைக்கும் விடப்படுகின்றன.

அரசு உதவ வேண்டுமா? உதவ வேண்டும் என்பதே நேர்மையான விடை. இக்கோவில்களின் வெள்ளியையும் திருவுடைகளையும் 1552, 1553 ஆம் ஆண்டுகளில் பறிமுதல் செய்தது அரச ஆணையே. இன்று அவை முழு நாட்டின் மரபுச் செல்வம் எனச் சட்டத்தால் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றை விரும்பியவாறு மாற்றவோ இடிக்கவோ பங்கு மக்களுக்கு உரிமையில்லை. உரிமையைக் கட்டுப்படுத்துவோர் சுமையிலும் ஒரு கை கொடுப்பதே நீதி. திருத்த வேலைக்கு வரி விதித்து, அதை மீளக் கொடுக்கவும் வரம்பு வைத்தது அந்த நீதிக்குப் பொருந்தவில்லை.

ஆயினும் அரசின் பணம் கூரையைப் போடலாமேயன்றி, கதவைத் திறக்கும் ஒருவரை உருவாக்காது. இங்கிலாந்தின் பல கிராமங்களில் இன்றும் சில முதியவர்கள் முறை வைத்துச் சாவியை எடுத்துச் சென்று கதவைத் திறக்கின்றனர், பூக்களை அடுக்குகின்றனர், மணியை அடிக்கின்றனர். அவர்களைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. அவர்களே லூசி சீலியின் வாரிசுகள். குறை அவர்களிடம் இல்லை. அவர்களுக்குப் பின் சாவியைப் பெற்றுக்கொள்ள யாருமில்லை என்பதே குறை. நகரங்களை நோக்கிய இடப்பெயர்வு, விசுவாசத் தளர்ச்சி எனக் காரணங்கள் பல உண்டு. ஆனால் ஒரு காரணம் மோர்பாத் கணக்கிலேயே தெரிகிறது. இளைஞரிடமிருந்து விளக்கை எடுத்துவிட்டு, பார்வையாளராக இருக்கையில் அமர்த்திய நாளில், இழப்பைத் தம் இழப்பாக உணரும் தலைமுறையும் மெல்ல மெல்லத் தேயத் தொடங்கியது.

இதைக் கண்டு, நமது கோவில்களைப் பறித்தவர்களுக்கு இது வேண்டும் என்று எண்ணுவது கிறிஸ்தவ மனமன்று. இங்கிலாந்தில் கத்தோலிக்கக் கோவில்களும் மூடப்பட்டு வருகின்றன. ஒரு கிராமத்தில் செபம் நிற்பது எந்தத் திருச்சபைக்கும் வெற்றியாகாது.

மாட்டுக் கொட்டிலாக இருந்த ஆலயம்

நம்பிக்கைக்கும் இடமுண்டு, அதில் நம்மவரின் கையும் உண்டு. நோர்போக் மாவட்டத்திலுள்ள வோல்சிங்கம், மத்திய கால ஐரோப்பாவின் பெரும் மரியன்னை யாத்திரைத் தலங்களுள் ஒன்று. 1538 இல் அத்திருத்தலம் அழிக்கப்பட்டது. அதற்கு ஒரு மைல் தொலைவில், ஹோட்டன் சென் கைல்ஸ் என்னும் சிற்றூரில், பதினான்காம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஒரு சிறு ஆலயம் இருந்தது. யாத்திரிகர்கள் இங்கே பாதணிகளைக் கழற்றிவிட்டு, கடைசி மைலை வெறுங்காலோடு நடந்தனர் என்பது மரபு. சீர்திருத்தத்தின் பின் அந்த ஆலயம் களஞ்சியமாயிற்று, மாட்டுக் கொட்டிலும் ஆயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சார்லட் பொய்ட் என்னும் பெண்மணி அதனைக் கண்டு, தம் சொந்தப் பணத்தில் வாங்கித் திருச்சபைக்கு அளித்தார். 1934 இல் அது இங்கிலாந்துக் கத்தோலிக்கரின் தேசிய அன்னைத் திருத்தலம் ஆயிற்று. 2015 இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதற்குப் பசிலிக்கா என்னும் தகுதியை வழங்கினார். ஒரு பெண் சுமந்த சுமை, ஒரு நாட்டின் செபத்தை மீட்டுத் தந்தது.

இன்று அந்தத் திருத்தலத்துக்குப் பெருந்திரளாக வருவோருள் தமிழ் மக்கள் முன்னணியில் உள்ளனர். ஆண்டுதோறும் யூலை மாதத்தில் நடைபெறும் தமிழர் யாத்திரையில் ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர். போரினால் புலம்பெயர்ந்து சென்ற நம் உறவுகள், மத்திய கால இங்கிலாந்தின் கற்சுவரருகே தமிழில் செபமாலை சொல்கின்றனர். அன்னையின் சுரூபத்தைத் தோளில் சுமக்கின்றனர். உங்கள் வீட்டுப் பிள்ளையோ சகோதரரோ அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம். அந்நாட்டவர் விட்டுச் சென்ற இடத்தை நம்மவர் நிரப்புவது இறைவனின் விந்தையான வழிகளுள் ஒன்று.

நம் வீடுகளுக்கு ஒரு வினா

அன்புக்குரியவர்களே, திருவிழாக் காலத்தில் நம் கோவில்கள் நிரம்பி வழிகின்றன. அதனால் இந்தச் செய்தி நமக்குரியதன்று என எண்ணிவிட வேண்டாம். கூட்டம் ஒன்று, பொறுப்பு வேறொன்று. மோர்பாத் மக்கள் நம்மை விட ஏழைகள். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் கோவிலின் ஓர் ஆடு மேய்ந்தது. நம் பங்குகளில் வெளிநாட்டிலிருந்து வரும் ஒரே காசோலையால் ஒரே நாளில் கோபுரம் எழுவதுண்டு. கொடுப்பவரின் அன்பு மெய்யானதே. எனினும் ஊரிலுள்ள பிள்ளை ஒரு கல்லையும் தூக்காமல் எழும் கோபுரம், அந்தப் பிள்ளையின் கோபுரமாக இருப்பதில்லை.

ஆகவே இவ்வாரம் உங்கள் குடும்பச் செபத்தின்பின் ஒரு வினாவைக் கேட்டுப் பாருங்கள்: நம் வீட்டில் கோவிலுக்காக எது வளர்கிறது? ஒருவர் வாரம் ஒருமுறை கோவிலைக் கூட்டலாம். ஒருவர் நோயாளர் வீட்டுக்குச் செல்லும் பொறுப்பை ஏற்கலாம். பிள்ளைகள் ஒரு பீடத்தின் பூக்களுக்குப் பொறுப்பாகலாம். பங்குத்தந்தையரும் அருட்பணிச் சபையினரும் இளைஞரை வேலைக்கு மட்டும் அழைக்காமல், கணக்கையும் சாவியையும் அவர்கள் கையில் ஒப்படைக்கத் துணிய வேண்டும். பங்கின் கணக்கு மக்கள் முன் உரத்து வாசிக்கப்பட வேண்டும். ஒப்படைக்கப்படாத பொறுப்பை எவரும் அன்பு செய்யக் கற்பதில்லை.

ஆலய உண்டியலில் ஏழைக் கைம்பெண் இட்ட இரண்டு காசுகளை நம் ஆண்டவர் அமர்ந்து கவனித்தார். பெருந்தொகை இட்டோரை விட அவளே அதிகம் இட்டாள் என்றார். புனித பேதுரு தமது முதல் திருமுகத்தில் நம்மை உயிருள்ள கற்கள் என அழைக்கிறார். கட்டடத்திற் சேர்க்கப்பட்ட கல் மற்றக் கற்களின் பாரத்தைத் தாங்குகிறது, தானும் தாங்கப்படுகிறது. தனியே கிடக்கும் கல் எதையும் சுமப்பதில்லை.

இங்கிலாந்தின் கிராமங்களில் இன்று கூரை ஒழுகும் கோவில்களுக்காகவும், கதவைத் திறக்கும் முதியவர்களுக்காகவும், வோல்சிங்கத்தில் செபிக்கும் நம் உறவுகளுக்காகவும் இந்த ஞாயிறு திருப்பலியில் மன்றாடுவோம். மோர்பாத்தின் 33 குடும்பங்களின் ஆன்மாக்களையும், அவர்களோடு இறுதிவரை இருந்த அந்தக் குருவின் ஆன்மாவையும் நினைவுகூர்வோம். அவர் இருபது ஆண்டுகள் காத்து வாங்கிய கறுப்புத் திருவுடை மறைந்திருக்கலாம். மரித்தோருக்கான நம் செபம் மறைந்துவிடவில்லை.